பாயும் சவ்வு, நகரும் புரதம்

மார்கழி பிறந்துவிட்டால் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. அதே அலமாரியில் பக்கத்திலிருக்கும் நல்லெண்ணெய் வழக்கம்போல ஊற்றும். இரண்டும் எண்ணெய்தான், இரண்டுக்கும் அதே குளிர்தான். ஆனால் ஒன்று உறைகிறது, மற்றது உறைவதில்லை. காரணம் மூலக்கூறுகளின் உருவத்தில் இருக்கிறது. எண்ணெய் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நீண்ட கார்பன் வால்கள் உண்டு. தேங்காய் எண்ணெயில் அவை பெரும்பாலும் நேரானவை. நேரான வால்கள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். அதனால் வெப்பநிலை சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் வரிசைகட்டி உறைந்துவிடுகின்றன. நல்லெண்ணெயின் வால்களில் பெரும்பாலானவற்றின் நடுவே ஒரு மடிப்போ இரண்டு மடிப்போ இருக்கிறது. கோணலானவை ஒன்றோடொன்று படிந்து அடுக்கிக்கொள்வதில்லை. அவற்றை உறையவைக்க இன்னும் நிறையக் குளிர் வேண்டும்.

இந்த வால்கள் நம் உடம்புக்குள்ளும் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லையும் உறையிட்டிருக்கும் சவ்வு இதே வகை வால்களால் ஆனது. பள்ளிப் பாடநூலின் படத்தில் செல் சவ்வு ஒரு கோடு. பெரிதாக்கிக் காட்டும் படத்தில் இரண்டு வரிசை உருண்டைகள், இடையிடையே பதித்துவைத்த புரதங்கள். பார்ப்பவருக்கு அது கட்டி முடித்த மதில் என்றே தோன்றும். அந்தப் படத்தால் காட்ட முடியாத ஒன்று உண்டு. அதில் பெரும்பாலானவை ஒரு நொடிகூட இருந்த இடத்தில் இருப்பதில்லை. உறையாத எண்ணெயைப் போலச் சவ்வும் திரவம். இன்சுலினைப் பிடிக்கும் ஏற்பியும், நரம்பில் சோடியத்தை உள்ளே விடும் வாயிலும், கண்ணில் ஒளியை வாங்கும் புரதமும் அந்தத் திரவத்தில்தான் அமிழ்ந்திருக்கின்றன. அப்படியானால் அவை நகர்கின்றனவா, எவ்வளவு வேகமாக, எதுவரைக்கும்? இந்தக் கேள்விகளுக்கு விடை கண்ட கதை, உயிரியலும் இயற்பியலும் கைகோத்த கதைகளில் மிக அழகானது என்பேன்.

முதலில் சவ்வின் அமைப்பு. சவ்வை ஆக்கும் கொழுப்பு மூலக்கூறுக்குத் தலை ஒன்று, வால் இரண்டு. தலை நீரை விரும்பும், வால் நீரை வெறுக்கும். இத்தகைய மூலக்கூறுகளைத் தண்ணீரில் விட்டால் அவை தாமாகவே இரண்டு அடுக்காகத் திரள்கின்றன. தலைகள் இரு பக்கமும் தண்ணீரைப் பார்க்க, வால்கள் உள்ளே மறைந்துகொள்கின்றன. பசை எதுவும் இல்லை, மூலக்கூறுகளுக்கிடையே வேதிப் பிணைப்பும் இல்லை. தண்ணீர் வால்களை ஒதுக்கித் தள்ளுவதுதான் சவ்வைச் சேர்த்துப் பிடிக்கிறது. அதன் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். இரண்டு லட்சம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் உயரம் வரும்.

இரண்டு அடுக்கு என்பதை 1925இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் கண்டுசொன்னார்கள். கோர்ட்டர் குழந்தை மருத்துவர். இவர்கள் சிவப்பணுக்களின் கொழுப்பை அசிட்டோனில் கரைத்தெடுத்து, நீர்ப்பரப்பில் ஒற்றை மூலக்கூறு உயரத்துக்குப் பரப்பி, அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று அளந்தார்கள். கிடைத்த பரப்பு அந்தச் சிவப்பணுக்களின் மொத்த மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. ஆகவே சவ்வு இரண்டு அடுக்கு. விடை சரி. ஆனால் பிற்காலத்தில் சரிபார்த்தபோது வழியில் இரண்டு பிழைகள் தென்பட்டன. அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் எடுக்கவில்லை. உலர்ந்த சிவப்பணுவை அளந்ததால் அணுவின் பரப்பும் குறைவாக வந்துவிட்டது. ஒரு குறைவு மற்றொரு குறைவை ஈடுகட்டிவிட்டது. அறிவியல் வரலாற்றில் இதுபோன்ற நல்வாய்ப்புகள் உண்டு. ஆனால் அவற்றை நம்பியிருக்க முடியாது என்பதால்தான் ஒரே உண்மையை வேறு வேறு வழிகளில் மறுபடியும் மறுபடியும் அளக்கிறார்கள்.

புரதங்கள் சவ்வில் நகர்கின்றன என்பதைக் கண்ணுக்கு முன்னால் காட்டிய சோதனை 1970இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஃபிரையும் மைக்கேல் எடிடினும் சுண்டெலியின் செல்லையும் மனிதச் செல்லையும் எடுத்துக்கொண்டார்கள். சென்டாய் வைரஸ் என்றொரு வைரஸுக்கு இரண்டு செல்களின் சவ்வுகளை ஒன்றாக ஒட்டவைக்கும் திறன் உண்டு. அதன் உதவியால் பாதி எலி, பாதி மனிதன் என்று ஒரு கலப்புச் செல் உருவானது. எலிப் புரதங்களில் போய் ஒட்டும் எதிர்ப்பொருளுக்குப் பச்சையாக ஒளிரும் சாயம், மனிதப் புரதங்களில் ஒட்டும் எதிர்ப்பொருளுக்குச் சிவப்பாக ஒளிரும் சாயம். செல்கள் இணைந்த சற்று நேரத்துக்குள் நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு பாதி பச்சை, மறு பாதி சிவப்பு. 37 டிகிரியில் நாற்பது நிமிடம் வைத்திருந்து பார்த்தால் பெரும்பாலான செல்களில் இரண்டு நிறமும் செல் முழுக்கக் கலந்துகிடந்தன.

கலந்தது உண்மை. ஆனால் எப்படிக் கலந்தது? செல் புதிய புரதங்களைத் தயாரித்து ஆங்காங்கே பதித்திருக்கலாம். அல்லது ஆற்றலைச் செலவிட்டு, பழைய புரதங்களை இழுத்துப்போய் வேறிடத்தில் வைத்திருக்கலாம். இந்தச் சந்தேகங்களை இருவரும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். புரதத் தயாரிப்பை மருந்து கொடுத்து நிறுத்தினார்கள், நிறங்கள் அப்போதும் கலந்தன. செல்லின் ஆற்றல் உற்பத்தியை முடக்கினார்கள், அப்போதும் கலந்தன. கடைசியில் கலப்பதைத் தடுத்தது குளிர் மட்டுமே. 15 டிகிரிக்குக் கீழே நிறங்கள் ஏறக்குறைய அதனதன் பாதியிலேயே நின்றுவிட்டன. எண்ணெய் இறுகும்போது அதில் மிதப்பதும் நிற்கத்தானே வேண்டும்? புரதங்களை யாரும் எடுத்துச் செல்லவில்லை, அவை திரவத்தில் தாமாக விரவுகின்றன என்ற முடிவுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளில் சிங்கரும் நிக்கல்சனும் இந்தச் சான்றையும் மற்றவற்றையும் சேர்த்து ‘பாய்ம மொசைக் மாதிரி’யை வெளியிட்டார்கள். இன்றும் பாடநூல்களில் இருப்பது அதுதான்.

குளிரில் சவ்வு இறுகுமென்றால் குளிரில் வாழும் உயிர்கள் என்ன செய்கின்றன என்ற கேள்வி எழும். 1974இல் சினென்ஸ்கி என்பவர் ஈ. கோலை பாக்டீரியாவை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்து, வளர்ந்த வெப்பநிலையிலேயே அதன் சவ்வுக் கொழுப்பின் பாகுநிலையை அளந்தார். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. குளிரில் வளர்ந்தது மடிந்த வால்களைக் கூடுதலாகவும், வெம்மையில் வளர்ந்தது நேரான வால்களைக் கூடுதலாகவும் தயாரித்துக்கொண்டிருந்தது. ஒற்றைச் செல் உயிர்கூடத் தன் எண்ணெயின் பதத்தை இவ்வளவு கவனமாகப் பேணுகிறது என்றால், அந்தப் பதத்தை நம்பி எத்தனை வேலைகள் நடக்கின்றன என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தத் திரவத்துக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. பக்கவாட்டில் அது முழுத் திரவம். ஒரு கொழுப்பு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறோடு நொடிக்குச் சுமார் ஒரு கோடி முறை இடம் மாறுகிறது. தடையில்லாத சவ்வில் ஒரே நொடியில் 2 மைக்ரோமீட்டர் அளவு, அதாவது ஒரு பாக்டீரியாவின் நீளம், நகர்ந்துவிடுகிறது. ஆனால் மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்குப் புரள்வதென்றால் நீரை விரும்பும் தலை, எண்ணெய் நிறைந்த நடுப்பகுதியைக் கடந்தாக வேண்டும். கோர்ன்பெர்க்கும் மெக்கானலும் 1971இல் செயற்கைச் சவ்வில் அளந்தபோது, பாதி மூலக்கூறுகள் இப்படிப் புரள்வதற்கு 30 டிகிரியில் ஆறரை மணி நேரம் பிடிக்கும் என்று கண்டார்கள். புரதங்களோ தாமாகத் தலைகீழாவதே இல்லை. வெளியே பார்க்கும் ஏற்பி என்றும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருக்கும். நீளமும் அகலமும் உண்டு, உயரம் இல்லை. இரு பரிமாணத் திரவம் என்று இயற்பியலாளர்கள் இதைச் சொல்வது அதனால்தான்.

விரவுதல் என்பது திசையில்லாத அலைச்சல். அண்டை மூலக்கூறுகள் வெப்பத்தால் ஓயாமல் துடிக்கின்றன. எல்லாப் பக்கமும் இடிபட்டு, புரதம் இங்கும் அங்கும் தள்ளப்படுகிறது. போன வழியிலேயே திரும்பியும் வரும். ஆகவே இரண்டு மடங்கு தொலைவுக்கு இரண்டு மடங்கு நேரம் போதாது, நான்கு மடங்கு வேண்டும். பத்து மடங்கு தொலைவுக்கு நூறு மடங்கு. சிறிய தொலைவுகளுக்கு விரவுதலைப் போல மலிவான போக்குவரத்து வேறில்லை. பெரிய தொலைவுகளுக்கு அது உதவாது.

நம் கண் இந்த மலிவான போக்குவரத்தை நம்பித்தான் இருக்கிறது. விழித்திரையின் கோல் செல்களில் சவ்வுத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தட்டு முழுவதும் ரோடாப்சின் என்ற புரதம் நெருக்கமாக நிறைந்திருக்கிறது. ஒளி பட்டால் ரோடாப்சினின் நிறம் வெளுக்கும். அதாவது இங்கே சாயம் ஏற்ற வேண்டியதில்லை, இயற்கையே ஏற்றிவைத்திருக்கிறது. 1974இல் பூ என்பவரும் ரிச்சர்ட் கோனும் தவளை போன்ற விலங்குகளின் கோல் செல்லில் ஒரு பாதியின் மேல் மட்டும் ஒளி பாய்ச்சி வெளுக்கவைத்தார்கள். நொடிக்கணக்கில் நிறம் இரண்டு பாதிக்கும் சமமாகிவிட்டது. வெளுக்காத ரோடாப்சின்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டன, வெளுத்தவை அந்தப் பக்கம் போய்விட்டன. அந்த வேகத்திலிருந்து கணக்கிட்டால் சவ்வின் பாகுநிலை தண்ணீரைப் போல நூறிலிருந்து சில நூறு மடங்கு, சமையல் எண்ணெயைவிடக் கொஞ்சம் கெட்டி. இருட்டில் ஒரே ஒரு ஒளித்துகள் ஒரே ஒரு ரோடாப்சினை எழுப்பினாலும், அது அந்த எண்ணெயில் அலைந்து அடுத்த கட்டப் புரதங்களை ஒன்றன்பின் ஒன்றாக முட்டி எழுப்புகிறது. ஒரு துகளின் செய்தி பெருகி நரம்புக்குப் போய்ச்சேர்வதன் தொடக்கம் இந்த முட்டல்தான்.

இங்கே ஒரு கணக்கு வருகிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த பகுதி இது. தண்ணீரில் மிதக்கும் துகளின் அளவை இரட்டித்தால் அதன் விரவும் வேகம் பாதியாகும் என்பது 1905இல் ஐன்ஸ்டைன் காட்டியது. சவ்விலும் அப்படித்தானே இருக்க வேண்டும்? அப்படி இல்லை. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த கணிதவியலாளர் ஃபிலிப் சாஃப்மனும், இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்து 1969இல் நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் டெல்புருக்கும் 1975இல் இந்தக் கணக்கைப் போட்டார்கள். சவ்வில் ஒரு புரதம் எவ்வளவு பெரியது என்பது அதன் வேகத்தை அதிகம் பாதிப்பதில்லை என்று விடை வந்தது.

ஏன் என்பதற்குத் தேர் ஓடும் வீதியை நினைத்துப்பாருங்கள். ஆள் மேல் ஆளாக நிற்கும் கூட்டத்தில் ஓரடி முன்னால் வைக்க வேண்டுமானால் எதிரே நிற்பவர் விலக வேண்டும். அவர் விலக, அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் விலக வேண்டும். யாரும் தலைக்கு மேலேயோ காலுக்குக் கீழேயோ ஒதுங்க முடியாது, பக்கவாட்டில்தான் ஒதுங்கியாக வேண்டும். அதனால் நீங்கள் வைக்கும் ஓரடி பத்துப் பதினைந்து வரிசை தள்ளி நிற்பவரையும் அசைத்துவிடுகிறது. உங்கள் உழைப்பில் பெரும்பகுதி இந்தப் பெருங்கூட்டத்தை அசைப்பதில் போகிறது. நீங்கள் ஒல்லியா, பருமனா என்பதால் வரும் வேறுபாடு கொஞ்சம்தான். சவ்விலும் அதுவே. முப்பரிமாணத் தண்ணீரில் மேலும் கீழும் விலக இடமிருப்பதால் துகளின் அசைவு அருகிலேயே அடங்கிவிடுகிறது. இரு பரிமாணத்தில் அது நெடுந்தொலைவு பரவுகிறது.

எவ்வளவு தொலைவு? 1851இலேயே ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர் இந்தக் கேள்வியில் இடறினார். முடிவில்லாத இரு பரிமாணத் திரவத்தில் ஒரு வட்டைச் சீராக மெல்ல இழுத்தால் அதற்கு எவ்வளவு தடை என்று கணக்கிட முயன்றால் விடையே வருவதில்லை. அசைவு எங்கும் நிற்காமல் பரவிக்கொண்டே போகிறது. சாஃப்மனும் டெல்புருக்கும் கவனித்தது என்னவென்றால், உயிருள்ள சவ்வு வெறுமையில் மிதப்பதில்லை, இரு பக்கமும் தண்ணீர் இருக்கிறது. நகரும் சவ்வு அந்தத் தண்ணீரையும் சற்று இழுக்கிறது, தண்ணீர் அதைத் தடுக்கிறது. ஒரு மைக்ரோமீட்டரின் பத்திலொரு பங்கிலிருந்து ஒரு மைக்ரோமீட்டர் வரையான தொலைவுக்குள் அசைவு அடங்கிவிடுகிறது. நூற்றிருபது ஆண்டுப் புதிருக்குச் செல் சவ்வில் விடை இருந்தது. சவ்வு தண்ணீரைப் போல நூறு மடங்கு பாகுநிலை கொண்டது என்று வைத்துக் கணக்கிட்டால், பத்து மடங்கு பெரிய புரதக் கூட்டத்தின் வேகம் சுமார் பாதியாகத்தான் குறைகிறது. தண்ணீரிலானால் பத்திலொன்றாகியிருக்கும். 2006இல் ஒரு சோதனைக் குழு இதற்கு முரணான அளவுகளை வெளியிட்டதால் பெரிய விவாதம் எழுந்தது. பிறகு செயற்கைச் சவ்வுகளில் செய்த அளவீடுகள் பழைய கணக்கின் பக்கமே நின்றன.

ஆனால் உயிருள்ள செல்லில் அளந்தபோது புதிய சிக்கல் வந்தது. செயற்கைச் சவ்வோடு ஒப்பிட்டால் செல்லில் கொழுப்பும் புரதமும் ஐந்திலிருந்து ஐம்பது மடங்கு வரை மெதுவாக விரவின. புரதங்கள் சேர்ந்து பெரிய கூட்டமாகிவிட்டன, அதனால் மெதுவாகின்றன என்று சொல்லிப்பார்க்கலாம். மேலே பார்த்த கணக்கு அந்தச் சமாதானத்தை ஏற்காது. பெரிதாவதால் அவ்வளவு வேகம் குறைய வழியில்லை. வேறு ஏதோ தடுக்கிறது.

அதைப் பிடித்தவர் ஜப்பானின் அகிஹிரோ குசுமி. அவருடைய குழு ஒற்றைக் கொழுப்பு மூலக்கூறில் 40 நானோமீட்டர் தங்கத் துகளை ஒட்டி, நொடிக்கு 40,000 படம் எடுக்கும் கேமராவால் அதைப் பின்தொடர்ந்தது. சாதாரண வீடியோவில் மெதுவான அலைச்சலாகத் தெரிந்தது, இந்த வேகத்தில் வேறாகத் தெரிந்தது. எலியின் சிறுநீரகச் செல்லில் சுமார் 230 நானோமீட்டர் அகலமுள்ள கட்டத்துக்குள் மூலக்கூறு செயற்கைச் சவ்வில் போலவே வேகமாக அலைகிறது. சராசரியாக 11 மில்லி நொடி அங்கே சுற்றிவிட்டு, சட்டென்று அடுத்த கட்டத்துக்குத் தாவுகிறது. அங்கே மறுபடி அதே கதை. 2002இல் வெளியான முடிவு இது. மெதுவாக இருப்பது திரவம் அல்ல, வேலி தாண்டும் வேலை.

வேலி எது? சவ்வுக்கு அடியில், செல்லின் உட்புறம், ஆக்டின் என்ற புரத இழைகள் வலையாகப் பின்னிக்கிடக்கின்றன. அந்த வலையைச் சிதைத்தால் தாவல் மறைகிறது. ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. தங்கத் துகள் ஒட்டியிருந்தது வெளியடுக்கின் கொழுப்பில். வலையோ உள்ளே. தொடாத வேலி எப்படித் தடுக்கும்? சவ்வை ஊடுருவி நிற்கும் சில புரதங்கள் அந்த வலையில் கட்டுண்டு, வேலிக்கால்கள்போல வரிசையாக நிற்கின்றன என்றார் குசுமி. நிலையாக நிற்கும் ஒரு கால் தன் இடத்தை மட்டும் அடைப்பதில்லை. கூட்டத்தின் நடுவே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும் ஒருவர் சுற்றியிருப்பவர்களின் நகர்வையும் கெடுக்கிறார் அல்லவா? இரு பரிமாணத் திரவத்தில் அசைவு நெடுந்தொலைவு பரவுவதைப் போலவே அசையாமையும் பரவுகிறது. சாஃப்மன், டெல்புருக் காட்டிய குணமேதான் இங்கே மறுபுறமாக வேலை செய்கிறது. தனியாகத் தாண்டக்கூடிய ஏற்பி, செய்தியை வாங்கி மற்றவற்றோடு சேர்ந்து கூட்டமானதும் வேலி தாண்ட முடியாமல் அங்கேயே சிக்குகிறது. செய்தி வந்த இடம் எதுவென்று செல்லுக்கு மறக்காமல் இருப்பதற்கு இது ஒரு வழி.

இதுவரை சொன்னதில் செல் வேலி மட்டுமே போட்டது. மற்றதெல்லாம் வெப்பத்தின் வேலை. பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்யஜித் மேயரும், கோட்பாட்டு இயற்பியலாளர் மதன் ராவும் நடத்திய ஆய்வுகள் அதற்கும் அப்பால் போயின. வெளியடுக்கில் கொழுப்பு நங்கூரத்தால் மட்டும் பிடித்து நிற்கும் புரதங்கள் சில உண்டு. ஒளிரும் இரண்டு மூலக்கூறுகள் சில நானோமீட்டர் நெருக்கத்தில் இருந்தால் ஒன்று வாங்கிய ஒளி ஆற்றல் மற்றதற்குத் தாவும், தாவும்போது ஒளியின் அதிர்வுத் திசை குலையும். அந்தக் குலைவை அளந்து, நுண்ணோக்கியால் பிரித்துப் பார்க்க முடியாத நெருக்கத்தையும் அறியலாம். அப்படி அளந்ததில் இந்தப் புரதங்களில் ஒரு பங்கு, நான்குக்கு மிகாத சிறு திரட்டுகளாகச் சேர்ந்திருப்பது 2004இல் தெரியவந்தது.

தற்செயலாக முட்டிச் சேர்ந்தவையாக இருந்தால், புரதத்தின் நெருக்கத்தைக் கூட்டும்போது திரட்டுகளின் பங்கும் கூட வேண்டும். சமநிலை இயற்பியலின் அடிப்படை விதி அது. இங்கே கூடவில்லை. புரதம் குறைவாக இருந்த செல்லிலும் நிறைய இருந்த செல்லிலும் திரட்டின் பங்கு மாறாமல் இருந்தது. ஆக்டின் வலையைக் குலைத்தால் திரட்டுகளும் குலைந்தன. 1970இன் சோதனையில் ஆற்றலை நிறுத்தியும் நிறங்கள் கலந்தன. ஆனால் இந்தப் புரதங்களின் கதையில் ஆற்றலுக்குப் பங்கு இருக்கிறது. செல் ஏடிபி என்ற எரிபொருளைச் செலவிட்டு ஆக்டின் இழைகளை ஓயாமல் நகர்த்துகிறது, அந்த நகர்வு மேலேயுள்ள புரதங்களைச் சேர்த்தும் பிரித்தும் வைக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

விளக்கம் சரியா என்று பார்க்கச் செல்லையே விட்டுவிட்டுச் சோதிக்க வேண்டும். 2016இல் அதைச் செய்தார்கள். கண்ணாடித் தகட்டின்மேல் செயற்கை இரட்டை அடுக்கு, அதில் ஆக்டினைப் பிடித்துக்கொள்ளும் புரதம், மேலே ஆக்டின் இழைகள், இழைகளை இழுக்கும் மயோசின், கொஞ்சம் ஏடிபி. இவ்வளவுதான் பொருள்கள். ஏடிபி இருந்த வரையில் மயோசின் இழைகளை இழுத்துச் சேர்த்தது, சவ்வுப் புரதங்களும் கூடவே ஓரிடத்தில் திரண்டன, கலைந்தன, மீண்டும் திரண்டன. ஏடிபி தீர்ந்ததும் இழைகள் இறுகி நின்றன, திரட்டுகள் உருமாறுவதும் நின்றது.